அனிமேவா, கேமா: வளவில் உட்கார்ந்து முறையாகச் சண்டை போடுவது எப்படி

போன பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு நண்பனின் பழைய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். வருசத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு அது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தால்தான் கதவு திறக்கும். ஆத்தங்குடிக் கல்லு ஜில்லென்று இருந்தது, நடுவில் தேன்குழல் டின். பேச்சு எப்படியோ ஃபேட்/ஸ்டே நைட் பக்கம் திரும்பியது. அது ஒரு ஜப்பானிய விஷுவல் நாவல், அதாவது படமும் எழுத்துமாகப் படித்துக்கொண்டே போகிற கேம். அதை அனிமேவாகவும் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக) எடுத்திருக்கிறார்கள். "அந்த அனிமே சுத்தக் குப்பை" என்றான் தேவகோட்டைக்காரன். "அதைவிட அழகான சண்டைக் காட்சி எதுல இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றார் கோட்டையூர் அண்ணன். ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளக் கத்தினார்கள். கடைசியில் பார்த்தால் இவன் பேசியது 2006இல் ஸ்டூடியோ டீன் எடுத்ததைப் பற்றி, அவர் பேசியது 2014இல் யூஃபோடேபிள் எடுத்ததைப் பற்றி.

இந்தச் சத்தத்தில் நண்பனின் அப்பத்தா எழுந்து வந்துவிட்டார். கொஞ்ச நேரம் தூணோரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேபர்தான் சரிங்கிறான் ஒருத்தன், ரின்தான் வேணுங்கிறான் இன்னொருத்தன். எந்த ஊருப் பிள்ளைகடா அதுக? என்ன கோயிலு?" (இரண்டு பேரும் அந்தக் கதையின் நாயகிகள்.)

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: நகரத்தார் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு வாயைத் திறப்பார்கள். ஆச்சி தெரியாமல் கேட்டாலும் கேட்டது ரொம்பச் சரி. விஷுவல் நாவல் அனிமே பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். எந்த வருசத்து அனிமே, எந்த ஸ்டூடியோ, கேமில் எந்த ரூட் (கதை பிரிகிற வழி)? இது தெரியாமல் ஆரம்பிக்கிற வாக்குவாதம் விடிய விடிய ஓடும், ஒரு முடிவுக்கும் வராது.

சரி, முதலில் இந்த கேம் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம். விளையாடாத ஆளுக்கு விளக்க எங்கள் ஊர் வீட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. முகப்பைத் தாண்டினால் வளவு, எல்லாருக்கும் பொது. சுற்றிலும் அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒரே வீடுதான், ஆனால் உலை தனித்தனி. விஷுவல் நாவலும் அப்படித்தான். முதல் சில மணி நேரம் எல்லாருக்கும் பொதுவான கதை. அப்புறம் நீங்கள் எடுக்கிற முடிவுகளைப் பொறுத்து ஓர் அறையின் கதவு திறக்கும், அதுதான் ரூட். ஓர் அறையில் பார்த்த ஆள் அடுத்த அறையில் வேறு முகம் காட்டுவார். 2004 ஜனவரியில் டைப்-மூன் வெளியிட்ட ஃபேட்/ஸ்டே நைட்டில் மூன்று அறைகள்: ஃபேட், அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ், ஹெவன்ஸ் ஃபீல். அதிலும் இஷ்டத்துக்கு நுழைய முடியாது, முதலாவதை முடித்தால்தான் இரண்டாவது, இரண்டாவதை முடித்தால்தான் மூன்றாவது. எழுதியவர் அந்த வரிசையை நினைத்துத்தான் எதை எப்போது சொல்வது என்று திட்டம் போட்டிருக்கிறார்.

அனிமே எடுக்கிறவருக்கு வருகிற தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இத்தனை அறை இருக்கிறது, கேமராவோ ஒன்றுதான். பொதுவாக மூன்று வழியில் சமாளிப்பார்கள். ஒரே ஒரு ரூட்டை எடுத்து முழுசாகச் சொல்வது (2014–15இல் வந்த அன்லிமிடெட் பிளேட் வொர்க்ஸ், அப்புறம் 2017, 2019, 2020இல் மூன்று படமாக வந்த ஹெவன்ஸ் ஃபீல்). எல்லா அறையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே கதையாகத் தைப்பது (2006 ஃபேட், பெரும்பாலும் முதல் ரூட், ஆனால் மற்ற இரண்டிலிருந்தும் துண்டுகள்). மூன்றாவது, ஒரு கதவை மூடிவிட்டு மறுபடி வளவுக்கு வந்து அடுத்த கதவைத் திறப்பது. 2010இல் வந்த அமகாமி எஸ்எஸ் இதைத்தான் செய்தது. ஆளுக்கு நாலு எபிசோடு, முடிந்ததும் கதை பின்னால் போய் அடுத்த பெண்ணோடு புதுசாக ஆரம்பிக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ எபிசோடு மாறி ஓடுகிறது என்று நினைத்து நான் லேப்டாப்பை அணைத்துப் போட்டது வேறு கதை.

ஆக, ஒரு அனிமே நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன்னால் இந்த மூன்றில் எந்த வழியை எடுத்தார்கள், அது அந்தக் கதைக்குப் பொருந்துமா என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும். 2006 ஃபேட்டைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் படம் வரைந்த தரத்தைத் திட்டுகிறார்கள். என் கணக்கில் அது சின்னக் குற்றம். மூன்று ரூட்டும் ஒன்றுக்கொன்று எதிராக வாதாடுகிற கதையில் மூன்றையும் கலந்து கரைத்ததுதான் பெரிய குற்றம்.

அடுத்தது வீட்டுப்பாடம். எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் உண்டு: வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் "கேம் இதுவரை, அனிமே இதுவரை" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ரூட் மட்டும் முடித்தவன் ஒரு ரூட் என்று சொல்ல வேண்டும். யூடியூபில் யாரோ விளையாடியதைப் பார்த்தவன் அதையும் சொல்ல வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பொய் சொன்னால்தான் வெட்கம். இந்த வழக்கம் வந்ததே என்னால்தான்.

கிளானட் பற்றிப் பேச்சு வந்த ஒரு தீபாவளி அது. 2004இல் கீ நிறுவனம் வெளியிட்ட கேம், 2007இலிருந்து கியோட்டோ அனிமேஷன் அனிமேவாக எடுத்தது. நான் அப்போது கேமில் பாதிகூடத் தாண்டவில்லை, யாரோ எழுதிய கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். "டொமோயோ ரூட்டை அப்படியே தூக்கிக் கடாசிட்டாங்க, ஒரு எபிசோடுகூட எடுக்கல, இதெல்லாம் என்ன நியாயம்" என்று பத்து நிமிடம் முழங்கினேன். தேவகோட்டைக்காரன் ஒன்றும் பேசவில்லை. லேப்டாப்பை எடுத்தான், மடியில் வைத்தான், தேடினான், என் பக்கம் திருப்பினான். 'வேறொரு உலகம்' என்ற பெயரில் டொமோயோ என்கிற அந்தப் பெண்ணுக்கென்றே தனி எபிசோடு, 2008இல் டிவிடியோடு வந்தது. கியோ என்கிற இன்னொரு பெண்ணுக்கும் ஒன்று இருக்கிறது என்று அதையும் காட்டினான். இருபத்துச் சொச்சம் நிமிடமும் ஓடவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் தின்ற சீப்புச்சீடை தொண்டையில் இறங்கவில்லை.

அதனால் சொல்கிறேன், "அனிமேயில் இந்தக் காட்சி இல்லை" என்பது ஆபத்தான வாக்கியம். டிவியில் வந்த எபிசோடுகள், டிவிடியில் மட்டும் வந்தவை, படம், எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதைச் சொல்லலாம். கிளானட்டுக்கு 2007இல் டோயி எடுத்த தனிப் படம்கூட உண்டு. அதை கியோட்டோ அனிமேஷன் கணக்கில் சேர்த்துத் திட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேம் பக்கத்துக்கும் ஆதாரம் வேண்டும். இது சுலபம். ஒவ்வொரு தேர்வு வரும்போதும் அதற்கு முன்னால் ஒரு சேவ் போட்டு வையுங்கள், பழைய சேவ் மேலேயே எழுதாதீர்கள். இந்த கேம்களில் சேவ் இடம் தாராளமாகவே கொடுப்பார்கள். ஏற்கெனவே படித்த வரிகளை வேகமாகத் தாண்டும் வசதி இருக்கும், பின்னால் போய் ஓடிப்போன வசனத்தைப் படிக்கும் வசதியும் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்துக்குப் போய் ஸ்கிரீனை அப்படியே காட்டிவிடலாம். எந்தப் பதிப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். ஃபேட் 2004இல் வந்தபோது குரல் கிடையாது, வயது வந்தோருக்கான காட்சிகள் இருந்தன. 2007இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த பதிப்பில் குரல் வந்தது, அந்தக் காட்சிகள் போய்விட்டன. ஆங்கிலத்தில் முறையாக வந்தது 2024இல்தான், அதுவரை ரசிகர்கள் மொழிபெயர்த்ததைத்தான் எல்லாரும் படித்தோம். இரண்டு பேரும் ஒரே கேமைப் படித்ததாக நினைத்துக்கொண்டு வேறு வேறு வாக்கியங்களுக்காக அடித்துக்கொள்வது சாதாரணமாக நடக்கும். இன்னொன்று, "இந்த மாதிரி கேமெல்லாம் அசிங்கம்" என்று யாராவது ஆரம்பித்தால் கிளானட் முதல் நாளிலிருந்தே எல்லா வயதினருக்குமாக வந்த கேம் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

"எல்லாத்தையும் வெட்டிட்டாங்க" என்கிற புகாருக்கு வருவோம். இதைச் சொல்கிறவரிடம் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்கள். ஒரு எபிசோடு 24 நிமிடம். ஆரம்பப் பாட்டு, முடிவுப் பாட்டு ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம் போனால் 21. பன்னிரண்டு எபிசோடு என்றால் 252 நிமிடம், நாலு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். இருபத்துநாலு என்றால் அதில் இரட்டிப்பு, எட்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. ஃபேட் மூன்று ரூட்டையும் படித்து முடிக்க ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. வெட்டாமல் எப்படி எடுப்பது? வெட்டியது எது, அது போனதால் மிச்சத்தில் எந்த இடம் தொங்குகிறது, இதைக் காட்டினால்தான் அது வாதம். காட்ட முடியாவிட்டால் வெறும் புலம்பல்.

உமினெகோ என்கிற மர்மக் கதை இதற்கு நல்ல உதாரணம். கேமில் எட்டுப் பாகம். 2009 அனிமே முதல் நாலோடு நின்றுவிட்டது, மிச்சம் வரவேயில்லை. புதிரெல்லாம் போட்டாச்சு, விடையைச் சொல்ல ஆளில்லை. பஞ்சாயத்தில் பிராது கொடுத்தவன் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு எல்லாரும் எழுந்து போன மாதிரி. இங்கே புகார் சொல்ல முழு உரிமை உண்டு. ஆனால் அந்த அனிமே மட்டும் பார்த்துவிட்டு "கதையே அரைகுறை" என்று எழுதியவரைத் திட்டுகிறார்களே, அவர்களை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் விசயமே இருக்கிறது. வெட்டின காட்சியை எண்ணுவது சின்னப்பிள்ளை வேலை. கேமில் இருந்து அனிமேயில் நிஜமாகவே காணாமல் போவது உங்கள் கை. அந்த கிளிக் பண்ணிய கை.

ஸ்டெயின்ஸ்;கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 கேம், 2011இல் ஒயிட் ஃபாக்ஸ் எடுத்த 24 எபிசோடு அனிமே. அனிமேக்களில் நல்லதாக எடுத்தது என்று எங்கள் ஏழு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொள்கிற ஒரே ஒன்று. கேமில் 'இதைச் செய், அதைச் செய்' என்று பெரிய தேர்வுப் பட்டியல் வராது, கதாநாயகன் ஒகாபேயின் செல்போன்தான் வழி. மெயில் வரும், அதில் சில வார்த்தைகள் கோடிட்டிருக்கும், அதில் எதைத் தொட்டுப் பதில் போடுகிறீர்கள், போடாமல் விடுகிறீர்கள் என்பதை வைத்துக் கதை திரும்பும். பின்பாதியில் அவன் ஒவ்வொன்றாக இழந்துகொண்டே முன்னால் போக வேண்டிய கட்டம் வருகிறது (என்ன என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்). கேமில் அந்தப் படிகள் பலவற்றில் "போதும்டா சாமி, இங்கேயே நின்னுக்குவோம்" என்று நீங்கள் நின்றுவிடலாம். நின்றால் அது ஒரு முடிவு, பாட்டுப் போட்டுப் பேரெல்லாம் ஓடும். மேலே போக வேண்டுமென்றால் நீங்களே போக வேண்டும், அந்தப் பாவம் உங்கள் விரலில். அனிமேயில் அவன் போகிறான், நாம் பார்க்கிறோம். ஒரு ஃப்ரேம்கூட வெட்டாமல் எடுத்திருந்தாலும் இந்த வித்தியாசம் இருந்திருக்கும். கேமைப் படித்தவர் "ஏதோ குறையுது" என்று சொல்லி, என்னவென்று சொல்லத் தெரியாமல் படத் தரத்தைத் திட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அதே சமயம் அனிமே என்ன கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம். கேம் முழுக்க ஒகாபேயின் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது, அவன் போடுகிற பைத்தியக்கார விஞ்ஞானி வேஷத்துக்குப் பின்னால் என்ன நினைக்கிறான் என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். அனிமேயில் அந்த வரிகளுக்கு இடமில்லை. ஆனால் இரண்டிலும் குரல் கொடுத்தவர் ஒரே ஆள், மியானோ மாமொரு. எழுத்தில் ஒரு பக்கம் போகிற தடுமாற்றத்தை அவர் ஒரு சிரிப்பு பாதியில் நிற்கிற இடத்தில் காட்டிவிடுகிறார். கேம் ஆட்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டோம் என்று அடம்பிடிப்பார்கள். ஒரு தமாஷ் தெரியுமா? 2018இல் அந்த அனிமே காட்சிகளையே வைத்து ஸ்டெயின்ஸ்;கேட் எலைட் என்று கேமை மறுபடி வெளியிட்டார்கள். 2015 டிசம்பரில் அனிமேயின் 23ஆவது எபிசோடையே வேறு முடிவோடு மாற்றி டிவியில் போட்டார்கள். டிவியில் ஒரு பேட் எண்டிங்! கேம்தான் மூலம், அனிமே நகல் என்று கோடு கிழிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத் தேன்குழலை எடுத்துக் கடித்துக்கொள்ளலாம்.

கிளானட் இதைவிடச் சிக்கல். கேமில் ஒவ்வொருவரின் கதையையும் முடித்தால் ஒரு ஒளி கிடைக்கும். அவற்றைச் சேர்த்தால்தான் கடைசி முடிவு திறக்கும். அதாவது பல நாள், பல தடவை ஆரம்பத்திலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு அறையிலும் யாருக்கோ ஏதோ செய்துவிட்டு வந்தவருக்குத்தான் அந்த முடிவு. அனிமே ஒரே கோட்டில் போகிறது, ஆஃப்டர் ஸ்டோரி என்கிற அதன் இரண்டாம் பாகத்தின் முடிவு சிலருக்கு "இது எப்படிப்பா திடீர்னு?" என்று தோன்றுகிறது. நான் கேமை முடித்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ஆனாலும் அதற்காகக் கேட்டவரை முட்டாள் என்று சொல்ல முடியாது, அனிமே அவருக்கு அந்த உழைப்பைக் காட்டவில்லை, கேட்கிறார். "அப்ப கேமைப் போய்ப் படி" என்று முகத்தில் அடிப்பதைவிட, ஒளி எப்படிக் கிடைக்கும் என்று ஐந்து நிமிடம் சொல்லிப் பாருங்கள், நாளைக்கு அவரே டவுன்லோடு பண்ணுவார்.

இங்கே ஒருவர் எழுந்து "தேர்வுதான் விஷுவல் நாவலுக்கு உயிர்" என்று தத்துவம் பேசினால் அவரிடம் ஹிகுராஷி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரியூகிஷி07 2002இலிருந்து வெளியிட்ட அந்தக் கதையில் தேர்வே கிடையாது, நாலு பாகம் கேள்வி, நாலு பாகம் விடை, படித்துக்கொண்டே போக வேண்டியதுதான். கேள்விக்கும் விடைக்கும் நடுவில் மண்டையைப் பிய்த்துக்கொள்வதுதான் அங்கே விளையாட்டு. அப்போது அனிமேயில் போனது கையில்லை, அந்தக் காத்திருப்பு. ஒரே ராத்திரியில் 26 எபிசோடையும் பார்த்தால் யோசிக்க நேரம் ஏது.

மாற்றினாலே துரோகம் என்கிற கட்சிக்கு என் பதில் காரைக்குடியிலேயே இருக்கிறது. சா. கணேசன் 1939இல் ஆரம்பித்த கம்பன் கழகம் எங்கள் ஊர். பங்குனியில் கம்பன் விழா என்றால் ஐயாவோடு போய்ப் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவன் நான். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பனில் தொடவில்லை, பர்ணசாலையோடு மண்ணைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான். மிதிலைத் தெருவில் இராமனும் சீதையும் வில்லை ஒடிப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்வதும் வால்மீகியில் இல்லை. இதையெல்லாம் "மூலத்தைக் கெடுத்துட்டான்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஏன் மாற்றினான், மாற்றியதால் என்ன கிடைத்தது என்றுதான் விடிய விடியப் பேசுவார்கள். ஜப்பானில் ஒரு டைரக்டர் ஒரு காட்சியை இடம் மாற்றியதற்கும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன். பல சமயம் உருப்படியாக ஒரு பதிலும் இருக்காது, அப்போது தாராளமாகத் திட்டலாம், நானும் வருகிறேன்.

பட்டிமன்றத்திலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டோம். யார் எந்தக் கட்சி என்று சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். கேமே உயிர் என்று இருக்கிறவனுக்கு அனிமே சீட்டு விழுந்தால் அவன் அதற்காகத்தான் பேச வேண்டும், பத்து நிமிடம். நடுவர் அந்தக் கதையில் இரண்டையும் முடித்தவராக இருக்க வேண்டும், அப்படி ஆள் இல்லாவிட்டால் நடுவரே வேண்டாம். முதல் தடவை தேவகோட்டைக்காரனுக்கு 2006 ஃபேட்டைக் காப்பாற்றுகிற சீட்டு விழுந்தது. முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஆனால் பேசினான். அந்த அனிமே வந்த காலத்தில் ஆங்கிலத்தில் கேமே கிடையாது, நம்மில் எத்தனை பேர் இந்தக் கதைக்குள் வந்ததே அந்தக் கதவு வழியாகத்தான் என்று கேட்டான். கோட்டையூர் அண்ணன் கைதட்டிவிட்டார்.

ஸ்பாய்லர் விசயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. முடிவு பற்றிப் பேசப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முடிக்காதவர்கள் எழுந்து முகப்புத் திண்ணைக்குப் போய்விட வேண்டும். ஈடாக டின்னை அவர்களிடம் கொடுத்துவிடுவோம். இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று பின்னால்தான் புரிந்தது: கானாடுகாத்தான் தம்பி மூன்று வருசமாக எந்த கேமையும் முடிக்காமலேயே இருக்கிறான்.

சின்னச் சின்னதாகச் சில. டைப்-மூனின் இன்னொரு கேமான சுகிஹிமே பற்றிப் பேச்சு வந்தால் "அப்படி ஒரு அனிமேவே வரலையே" என்பது ரசிகர்களின் பழைய ஜோக், 2003இல் வந்ததை யாரும் ஒத்துக்கொள்ளாததுதான் அதில் வேடிக்கை. ஒரு தடவை சொன்னால் சிரிப்பார்கள், மூன்றாவது தடவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஃபேட்/ஜீரோவை விஷுவல் நாவல் அனிமே என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள், அது நாவலிலிருந்து வந்தது. எத்தனை விற்றது, எத்தனை ஸ்டார் என்பதை வாதமாகக் கொண்டுவராதீர்கள், அது சோம்பேறி வேலை.

இதுவரை எதையும் தொடாதவர் எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால் ஸ்டெயின்ஸ்;கேட். முதலில் கேம், அப்புறம் ஒரு மாசம் விட்டு அனிமே. பழைய லேப்டாப் போதும். முன்பாதி ஆமை மாதிரி நகரும், இரண்டிலும் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற தீபாவளிக்கு எங்களுக்கு உமினெகோ. ஏழு பேரில் நாலு பேர் இன்னும் ஐந்தாவது பாகத்தையே தாண்டவில்லை. ஆச்சியிடம் போனில் சொன்னோம், இந்தத் தடவை ஒரு குடும்பத்துச் சொத்துக்காகத் தீவில் கூடிச் சண்டை போடுகிற கதை என்று. "அப்ப நானும் உட்காருறேன்டா, பாகப்பிரிவினை நமக்குத் தெரியாததா" என்றார்.